நூறு வார்த்தைக்கு அறுபது ஆடு

பதினோராம் அத்தியாயம்

மாப்பிள்ளை பஸ்ஸை விட்டு இறங்கியதோடு போன வாரம் நிறுத்திவிட்டேன். "அந்த மனுஷனை வெயிலில் இன்னும் எத்தனை நாள் நிற்கவைப்பதாக உத்தேசம்?" என்று ஒரு வாசகி கார்டு போட்டுக் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதோ, நடக்க விட்டுவிட்டேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மச்சான் சின்னுசாமியின் தோட்டம் ஒரு மைல். கையில் குடை இருக்கிறது, உடம்பில் கோட்டு இருக்கிறது, ஆகையால் மெதுவாகத்தான் வருவார். அதற்குள் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மேச்சேரிப் பக்கத்துச் சௌந்திரத்துக்கும், மேட்டூரில் ஒரு கம்பெனிக் கிடங்கில் குமாஸ்தாவாக இருக்கும் மயில்சாமிக்கும் வைகாசியில் கல்யாணம் ஆயிற்று. ஆனியில் கம்பெனித் துரையின் சம்சாரம், குமாஸ்தாக்களின் மனைவிமார்களைத் தேநீருக்குக் கூப்பிட்டாள். மற்றப் பெண்கள் "குட் ஈவினிங்" சொல்லிவிட்டு அடக்கமாகப் பிஸ்கோத்தைக் கடித்தார்கள். நம் சௌந்திரம் துரைசானியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங்க, இப்படி வெளுத்துப் போயிருக்கறீங்களே, ஒடம்புக்கு என்னுங்க? நாலு நாளைக்கு ராயிக் களி தின்னு பாருங்க" என்றாள்.

துரைசானி சிரித்தாள். துரைசானி சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். மயில்சாமிக்கு மட்டும் காது மடல் சிவந்துவிட்டது.

ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டில் விட்டவர், ஆவணி பிறந்தும் அழைக்க வரவில்லை. கார்டுதான் வந்தது. நூறு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்த பிறகுதான் குவார்ட்டர்ஸில் குடித்தனம் என்று எழுதியிருந்தார். வாரத்துக்குப் பத்து வார்த்தை தபாலில் வரும், தமிழ் எழுத்தில், பக்கத்தில் அர்த்தத்தோடு. பத்து வாரம் கழித்துத் தாமே நேரில் வந்து பரீட்சை வைப்பார்.

என்னைக் கேட்டால் அந்தக் கார்டைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பேன். ஆனால் என்னை யார் கேட்டார்கள்? சௌந்திரம் படித்தாள்.

அவள் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். வார்த்தையைச் சுவரில் கரியால் எழுதிப் பார்த்தாள், நிற்கவில்லை. தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜபம் மாதிரி சொல்லிப் பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை. ஆனால் அண்ணன் சின்னுசாமியின் பட்டியில் இருந்த அறுபது ஆட்டையும் அவளுக்கு முகம் பார்த்தே தெரியும். எது எதன் குட்டி, எதற்கு எந்தச் செடி பிடிக்கும், எது படலைத் தாண்டும் என்பதில் அவளுக்குத் தடுமாற்றமே வந்ததில்லை. எனவே ஆட்டுக்கு ஒரு வார்த்தையாகப் பேர் வைத்துவிட்டாள். சாயங்காலம் படலை ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டு, கார்டில் இருக்கிற வரிசைப்படி ஒவ்வொன்றாகப் பேர் சொல்லி உள்ளே விடுவாள். பட்டி வைத்திருப்பவர்கள் எண்ணுவது அப்படித்தான். வரிசை தப்பினால் ஆடு காணாமல் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆறு வாரத்தில் ஆடு தீர்ந்துவிட்டது. பாக்கி நாற்பது வார்த்தையும் உழவு மாடு நாலு, எருமை இரண்டு, நாய் ஒன்று, கோழி முப்பத்து மூன்று என்று பங்கு பிரிந்தது.

இவ்வளவுதான் பழைய கதை. இன்று ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பரீட்சை நாள்.

காலையில் முதல் இடியைப் போட்டவள் பாவாயி, சின்னுசாமியின் மனைவி. ஒறம்பரையாக வருகிற மாப்பிள்ளைக்குக் குழம்பு வைக்கவேண்டுமே என்று விடிந்ததும் கைக்கு அகப்பட்ட கோழியைப் பிடித்து அறுத்து, இறகும் பிய்த்துவிட்டாள்.

"நங்கை! எந்தக் கோழியை அறுத்தீங்க?" என்று சௌந்திரம் அண்ணியிடம் ஓடிவந்தாள்.

"கோழியில எந்தக் கோழி, அம்மிணி? ரண்டு காலு இருந்துச்சு, புடிச்சேன்."

"ஐயோ, அது ஒரு வார்த்தையுங்க! அவிங்க கேட்டா நான் எங்கீன்னு தேடுவேன்?"

"கேட்டா கொழம்புச் சட்டியத் தொறந்து காட்டு" என்றாள் பாவாயி, அம்மியில் கை ஓயாமல். "வார்த்தைக்கு வார்த்தையுமாச்சு, சோத்துக்குச் சாறுமாச்சு."

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த வார்த்தை போயிற்று என்று உடனே தெரிந்தாக வேண்டும். கிடந்த இறகைப் பார்த்தால், போனது வெள்ளைப் புள்ளிக் கூட்டத்தில் ஒன்று. வியாழக்கிழமை வந்த கடைசிக் கார்டின் பத்து வார்த்தையும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தன. தானியத்தை இறைத்து, கோழிகளைக் கூப்பிட்டு, பஞ்சாரத்துக்குள் வரிசையாக விட ஆரம்பித்தாள். மறந்துவிடக் கூடாதென்று அர்த்தத்தையும் கூடவே சொன்னாள்.

"ரிப்பீட்டட், திரும்பத் திரும்ப. ஆப்சென்ஸ், வராமலிருத்தல். நெக்ளிஜென்ஸ், அசட்டை. வார்னிங், எச்சரிக்கை. எக்ஸ்ப்ளனேஷன், சமாதானம். வித்தின், உள்ளாக. மண்டே, திங்கட்கிழமை. ஃபெயிலிங், தவறினால்…"

ஒன்பதாவது வரவில்லை. பத்தாவதாக ஃபோர்த்வித் மட்டும் வந்து நின்றது, 'அப்போதே' என்று பொருள்.

ஒன்பதாவது டிஸ்மிஸ். வேலையை விட்டு நீக்குதல்.

கிடைத்துவிட்டது என்று எழுந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். இத்தனை நாள் தனித்தனியாக மேய்ந்த வார்த்தைகளை இன்றுதான் அர்த்தத்தோடு ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறாள். மனசுக்குள் இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். திரும்பத் திரும்ப வராமலிருத்தல். அசட்டை. எச்சரிக்கை. சமாதானம் திங்கட்கிழமைக்கு உள்ளாக. தவறினால் வேலையை விட்டு நீக்குதல், அப்போதே.

இது வார்த்தைப் பட்டியல் இல்லை. இது ஒருத்தருக்கு வந்த கடுதாசி.

அவசர அவசரமாக முந்தைய கார்டுகளை எடுத்துப் பார்த்தாள். முதல் மூன்று வாரம் கைண்ட்லி, பார்சல், பேலன்ஸ், ரிசீவ் என்று சாதுவாகத்தான் இருந்தது. எட்டாம் வாரத்தில் அட்டெண்டன்ஸ், இர்ரெகுலர், அப்சர்வ். ஒன்பதாம் வாரத்தில் ரிமைண்டர், சீரியஸ். மயில்சாமி புத்தகம் பார்த்து வார்த்தை பொறுக்கவில்லை. மேஜைமேல் எந்த ஆபீஸ் காகிதம் கிடக்கிறதோ, அதில் கண்ணில் பட்ட வார்த்தைகளை, தமக்கே தெரியாததற்கு அகராதி பார்த்து, வரிசையாக அப்படியே காப்பி அடித்து அனுப்பியிருக்கிறார்! பெண்டாட்டி வரிசையைக் கலைக்கமாட்டாள் என்று அந்தக் குமாஸ்தாவுக்கு எப்படித் தெரியும்?

நாளைக்குத்தான் திங்கட்கிழமை.

இதை அண்ணனிடம் சொல்லவும் முடியாது. பூமிகாணி உள்ள மூன்று மாப்பிள்ளைகளை வேண்டாமென்று தள்ளிவிட்டு, "மாசச் சம்பளக்காரன்" என்ற ஒரே சொல்லில் மயங்கி மயில்சாமிக்குக் கொடுத்தவன் சின்னுசாமி. மழை பெய்யாவிட்டாலும் சம்பளம் வரும் என்பது அவன் கண்டுபிடித்த தத்துவம். வேலை போகப்போகிறது என்று தெரிந்தால் அவன் தங்கையை அனுப்பவே மாட்டான். ஆடிக்கு வந்தவள் ஆயுசுக்கும் இங்கேயே. ஊரில் இப்போதே நாலு பேர் வாய்க்குள் மென்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

அவளுக்கு மேட்டூர் போகவேண்டும். அந்தக் கோட்டுக்காரர் மேல் கோபம் உண்டு, ஆனாலும் அவரோடுதான் இருக்கவேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"மாப்பிள்ளை வந்துட்டாரு!" என்று வேலிப்பக்கமிருந்து சின்னுசாமி குரல் கொடுத்தான்.

மயில்சாமி கோட்டும் குடையுமாக உள்ளே வந்தார். ஆள் இளைத்திருந்தார். ஆனால் குரல் இளைக்கவில்லை. தண்ணீர் குடித்ததும் குடிக்காததுமாக, "பரீட்சையை ஆரம்பிச்சுடலாமுங்களா, மச்சான்?" என்றார்.

"அதெல்லாம் தயாரா இருக்குது" என்றான் சின்னுசாமி. "ஆனா ஒண்ணு, மாப்பிள்ளை. புள்ளை பாஸாயிட்டா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிரோணும். ஃபெயிலானாலும் கூட்டிட்டுப் போயிரோணும்."

"அப்ப பரிச்சை என்னத்துக்குங்க?" என்றாள் பாவாயி உள்ளேயிருந்து. அந்த வீட்டில் கேட்கவேண்டிய கேள்வியை எப்போதும் அவள்தான் கேட்பாள். யாரும் பதில் சொல்வதில்லை.

சௌந்திரம் தலையைக் குனிந்தபடி, "பட்டிக்கு வாங்க. என்ற பொஸ்தகம் அங்கதான் இருக்குது" என்றாள்.

பட்டியில் மாப்பிள்ளைக்கு ஒரு முக்காலி போட்டார்கள். அவர் கோட்டுப்பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இம்மீடியட்லி?"

"தாமசமில்லாம. அதோ, படலைத் தொறக்கறதுக்கு முந்தியே தலைய நீட்டிக்கிட்டு நிக்குதே, அதுங்க."

"பர்ஹாப்ஸ்?"

"ஒருவேளை. அந்தச் செவலை மறியாடு. ஒரு கால உள்ள வெச்சு ஒரு கால வெளிய வெச்சுக்கிட்டு, வாரதா போறதான்னு பொழுதுக்கும் நெனச்சுக்கிட்டே நிக்கும். பேச்சுலயும் அதை அப்படித்தான் போடோணுமுங்களா? ஆமாவும் சொல்லாம இல்லைன்னும் சொல்லாம?"

மயில்சாமி கண்ணைக் கொட்டினார். பர்ஹாப்ஸ் என்பதை எப்போது போடவேண்டும் என்று அவருக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவார், அவ்வளவுதான்.

"சரி. ஹௌவெவர்?"

"ஆனபோதிலும். அந்தக் கெழட்டு ஆடுங்க. எல்லாத்தோடவும் நல்லபடியாத்தான் போவும். பாதி வழியில நின்னு திரும்பிக்கும். அது திரும்பிருச்சுன்னா, அதுவரைக்கும் நடந்ததெல்லாம் வீணு. நீங்க கார்டுல எழுதுவீங்களே, 'நீ நன்றாகப் படிக்கிறாய் என்று கேள்வி. ஆனபோதிலும்'னு… அதேதானுங்க."

சின்னுசாமி தொடையைத் தட்டிச் சிரித்தான். மயில்சாமி அவசரமாக அடுத்த வார்த்தைக்குப் போனார். அறுபது ஆடும், நாலு மாடும், இரண்டு எருமையும் சுத்தமாகத் தேறின. 'ஜென்டில்மேன்' எது என்று கேட்டதற்கு அவள் நாயைக் காட்டியபோது மட்டும் கொஞ்சம் முகம் மாறினார்.

ஒன்பது கார்டு முடிந்தது. பத்தாவது கார்டைத் தொடாமல் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"கடைசிப் பத்து கேக்கலீங்களே?" என்றாள் சௌந்திரம்.

"வேண்டாம். போதும். பாஸ்" என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. ஆட்டையும் பார்க்கவில்லை.

அண்ணனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை கையோடு கொண்டுபோக இளநீர் வெட்டுகிறேன் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குப் போய்விட்டான். பாவாயி இலை போட்டாள். மயில்சாமி இரண்டு தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டார்.

"நல்லா இருக்குதுங்களா?" என்று சௌந்திரம் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்குது."

"டிஸ்மிஸுங்க."

கையிலிருந்த எலும்பு இலையில் விழுந்தது. பாவாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "கோழிப் பேரை எதுக்கு அம்மிணி இப்பச் சொல்லி அவியளப் பயமுறுத்தறே? கம்முனு இரு. சாப்புடட்டும்" என்று அதட்டினாள். மயில்சாமி அதற்குமேல் சாப்பிடவில்லை.

கை கழுவினதும் சௌந்திரம் பட்டிப்பக்கம் போனாள். அவர் கூப்பிடாமலே பின்னால் வந்தார். கிளுவை வேலிக்கு உள்பக்கம், ஆட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்தார். கோட்டு நனைவதையும் கவனிக்கவில்லை.

"ஆருங்க எழுதினது அந்தக் கடுதாசி?" என்றாள்.

"மேனேஜர்" என்றார். பிறகு, "உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"நீங்கதான் வரிசையா எழுதித் தாட்டினீங்களே."

மயில்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "அந்த வாரம் மேஜைமேல வேற காயிதமே இல்லை, சௌந்திரம். பத்து வார்த்தை எழுதியாகோணும். அதை எப்படியும் அகராதியில பாத்துட்டேன்…"

பரீட்சை வைக்க வந்தவர் குரல் இப்போது பரீட்சையில் தோற்றவன் குரலாக இருந்தது. அவளுக்கு அவர்மேல் பத்து வாரமாகச் சேர்த்துவைத்திருந்த கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"திரும்பத் திரும்ப வரலைன்னு எழுதியிருக்குதே. வேலைக்குப் போகாம எங்க போனீங்க?"

மயில்சாமி குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சீட்டாடப் போனீங்களா?"

"சே!"

"வேற ஆரு ஊட்டுக்காச்சும்…"

"சௌந்திரம்!" என்று பதறி எழுந்தார். "புதன்கிழமை மட்டுந்தான் லீவு சொல்லாம நின்னேன். பத்து புதன்கிழமை."

"புதன்கிழமை இங்க சந்தையாச்சே" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நீ உங்கண்ணன்கூடச் சந்தைக்கு வருவீல்ல? புளியமரத்தடியில ஆட்டுக் கயித்தப் புடிச்சுக்கிட்டு நிப்பீல்ல?" மயில்சாமி குடைப்பிடியைத் திருகிக்கொண்டே பேசினார். "நூறு வார்த்தைன்னு நானே எழுதித் தொலைச்சுட்டேன். அதை முழுங்கிட்டு ஊட்டுக்கு வர மூஞ்சி இல்லை. சும்மா தூரத்திலிருந்து பாத்துட்டுப் போயிரலாம்னு ஒருநாள் வந்தேன். அடுத்த புதன்கிழமையும் பஸ் ஏறிட்டேன்."

"எங்க நின்னு பாத்தீங்க?"

"கருவாட்டுக் கடைக்குப் பின்னால."

"பத்து வாரமாவா?"

"மூணாவது வாரத்துக்குமேல நாத்தம் தெரியலை."

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பதற்குத்தான் பொத்தினாள், ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரெல்லாம் அவளை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனதாகச் சொன்ன மனுஷன், முப்பது அடி தூரத்தில் கருவாட்டு நாற்றத்தில் நின்றுகொண்டு உத்தியோகத்தையே தொலைக்கப் பார்த்திருக்கிறான். இவனை என்ன செய்வது?

முதலில் சமாதானம் எழுதவேண்டும். அதைத்தான் செய்தாள். காகிதமும் பேனாவும் அவர் பையில் தயாராக இருந்தன. ஒரு வாரமாக எடுப்பதும் வைப்பதுமாக இருந்திருக்கிறார். அவள் சொல்ல அவர் எழுதினார்.

"மொதல்ல கைண்ட்லி போடுங்க. அது எப்பவும் முன்னாலதான் போகும். அப்பறம் ரிக்ரெட். ஆப்சென்ஸை மறைக்காதீங்க, அவருக்குத் தெரியும். இம்மீடியட்லி வேலைக்கு வாரேன்னு போடுங்க. பர்ஹாப்ஸ் வேண்டாம். அது பக்கத்துல வந்தா எல்லாமே சந்தேகமாயிரும்."

அவர் ஆச்சரியத்தோடு எழுதிக்கொண்டே போனார். நடுவில் பேனா நின்றுவிட்டது.

"காரணம் எழுதோணுமே."

"ஆமாங்க."

"காய்ச்சல்னு போட்டுரட்டுமா?"

"பத்து புதன்கிழமை காய்ச்சலும், மத்த நாளெல்லாம் சொகமுமா? ஆரு நம்புவா?"

"அம்மா தவறிட்டாங்கன்னு போடறது வழக்கம்."

"உங்கம்மா போன வாரந்தான் எனக்கு முறுக்குச் சுட்டுக் குடுத்துத் தாட்டினாங்க. அவிங்களைச் சாவடிக்காதீங்க. நெசத்தைப் போடுங்க."

"நெசத்தை எப்படிப் போடறது?"

"உங்களுக்கு எம்மேல… என்னமோ இருந்துச்சில்லீங்க, சந்தைக்கு வரவெச்சுச்சே? அதுக்கு இங்கிலீசுல என்னுங்க?"

மயில்சாமி யோசித்தார். நூறு வார்த்தையையும் ஒவ்வொன்றாக மனசில் புரட்டினார். பார்சல் இருந்தது, பேலன்ஸ் இருந்தது, வார்னிங் இருந்தது. "தெரியலை" என்றார் கடைசியில். "ஆபீஸ் காயிதத்துல அந்த வார்த்தை வந்ததே இல்லை."

"அப்ப நூறு படிச்சும் சொல்லவேண்டியதுக்கு ஒண்ணும் இல்லை" என்றாள் சௌந்திரம். அவள் குரலில் கோபம் இல்லை. பட்டியில் ஆடு குறைந்தால் என்ன செய்யலாம் என்று யோசிப்பவள் மாதிரி வேலியைப் பார்த்தாள். பிறகு கொசுவத்தை இழுத்துச் செருகினாள்.

"அந்த எடத்தைச் சும்மா உட்டு வைங்க. மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பலாம். நாளைக்கு நானும் ஆபீஸுக்கு வாரேன். காரணத்தை மேனேஜர்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

"நீயா? அவரு வெள்ளைக்காரரு! நீ தமிழ்ல சொன்னா அவருக்கு எப்படிப் புரியும்?"

"புரியலைன்னா அவரும் ஒரு நூறு வார்த்தை படிச்சுக்கட்டும். நான் வேணா வாரம் பத்து எழுதித் தாட்டறேன்."

மயில்சாமி பதில் சொல்ல வாயைத் திறந்தபோது கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் சருகு மிதிபட்டது. சின்னுசாமி ஒரு தோளில் இளநீர்க் குலையும், கையில் அரிவாளுமாகப் படலைத் தள்ளிக்கொண்டு வந்தான். எவ்வளவு நேரமாக அங்கே நின்றான் என்பது அவன் முகத்தில் தெரியவில்லை. நேராகத் தொட்டிமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தான். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தான்.

"என்னங்க மாப்பிள்ளை, பரிச்சை முடிஞ்சும் எழுதிக்கிட்டே இருக்கறீங்க?" என்றான் நிதானமாக. "இந்தப் புள்ளை பாஸா, ஃபெயிலா? நெசத்தைச் சொல்லுங்க."

சௌந்திரம் காகிதத்தை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நான் பாஸுங்கண்ணா. இவிங்க பரிச்சை நாளைக்குப் பத்து மணிக்கு. நான் கூடப் போகாட்டி ஃபெயிலு."